தலையிடாக் கொள்கை: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரலாற்றில் ஒரு சொல்லும் அதன் பொருள்களும்

1. முன்னுரை

பிற நாடுகளின் காரியங்களிற் புகாது தன்னளவில் நிற்றலே ஓர் அரசுக்கு நன்று என்னும் கருத்து அரசியல் நூல்களுக்குப் புதியதன்று. அதனைத் தன் அயலுறவுக்கு அடிப்படை என வெளிப்படக் கூறி, அதன் பெயரால் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒழுகிய அரசுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசு சிறப்பாக எண்ணத் தக்கது. அக்கொள்கையை அறம் எனப் போற்றியோரும் உளர். தன்னலம் என இகழ்ந்தோரும் உளர். இருசாராரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசினரா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'தலையிடாமை' என்னும் ஒரு பெயரின்கீழ் நான்கு வேறு பொருள்கள் அடங்கிக் கிடக்கின்றன. பிறர் இருவர் பொருதுங்கால் எப்பக்கமும் சாராது நிற்றல் ஒன்று; இதனை நொதுமல் எனலாம். பகை, நொதுமல், நட்பு என்னும் முப்பகுப்பு, நடுவுநிலைமை அதிகாரத்திற்குப் பரிமேலழகர் எழுதிய உரையில் வருதலின், இச்சொல் நமக்கு அயலானதன்று. எந்நாட்டோடும் நிலையான போர்க்கூட்டுச் செய்துகொள்ளாமை இரண்டாவது. பிறிதொரு நாட்டின் உள்நாட்டு ஆட்சியில் தான் கைவையாமை மூன்றாவது. ஒரு நாட்டின் ஆட்சியிற் பிறர் கைவைத்தலாகாது எனத் தடுத்தல் நான்காவது. முதல் மூன்றும் தன் செயலை அடக்குவன. நான்காவதோ பிறர் செயலை அடக்குவது.

அமெரிக்க அரசின் மூல ஆவணங்களை ஆண்டு முறையில் வைத்து நோக்கின், இந்நான்கும் வேறு வேறு காலத்து, வேறு வேறு தேவை பற்றித் தோன்றியவை என்பது விளங்கும். பிற்காலத்தார் அவற்றை ஒன்றென மயங்கினர். அம்மயக்கத்தால் மெலிய நாடுகள் சில தம் உரிமையையே இழந்தன. ஆகலின் இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று என்பது முதற்கண் உணரற்பாலது.

2. 1793: எழுதப்படாத சொல்

1778 பிப்ரவரி 6 ஆம் நாள் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரெஞ்சு மன்னனோடு போர்க்கூட்டு உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டன. விடுதலைப் போரில் அவை வெற்றி பெற்றமைக்கு அவ்வுதவி பெருங் காரணம். அமெரிக்கப் பகுதியில் பிரெஞ்சுக்காரர்க்கு உரிய நிலங்களைக் காக்கும் கடமையை அவ்வுடன்படிக்கை அமெரிக்கர்மேல் ஏற்றியது. 1793 ஜனவரி 21 இல் பதினாறாம் லூயி மன்னன் தலை துணிக்கப்பட்டான். பிப்ரவரி 1 இல் பிரெஞ்சுக் குடியரசு இங்கிலாந்தின்மீதும் ஆலந்தின்மீதும் போர் அறிவித்தது. மன்னனோடு செய்த உடன்பாடு மன்னன் மறைந்த பின்னரும் கட்டுமோ என்னும் வினா எழுந்தது.

அந்நாளில் அமெரிக்க நாட்டின் நிலையை அறிதல் இன்றியமையாதது. 1790 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை ஏறத்தாழ 39 இலட்சம். அவருள் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் அடிமைகள். கடற்படை என ஒன்று இல்லை. ஆறு போர்க்கப்பல்கள் கட்டுதற்கான சட்டமே 1794 மார்ச்சுத் திங்களில்தான் நிறைவேறியது. அரசின் வருவாய் பெரும்பாலும் சுங்கவரி; அச்சுங்கமும் பெரும்பாலும் ஆங்கிலப் பண்டங்களின் மேலது. வடமேற்கில் டெட்ராயிட், நயாகரா முதலிய கோட்டைகளில் ஆங்கிலப் படை இருந்தது. தெற்கே மிசிசிப்பி ஆற்று முகம் ஸ்பெயின் நாட்டார் கையில் இருந்தது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த மூன்று அதிகாரங்களின் பொருளும் போர் வேண்டா என்றே காட்டிய நேரம் அது.

குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் தம் அமைச்சர்களை ஏப்ரல் 19 இல் கூட்டினார். கருவூல அமைச்சர் ஹாமில்ட்டன் ஆங்கிலச் சார்பினர். அயலுறவு அமைச்சர் ஜெபர்சன் பிரெஞ்சுச் சார்பினர். எனினும் போரிற் புகலாகாது என்பதில் இருவரும் ஒத்தனர். ஏப்ரல் 22 இல் அறிக்கை வெளிவந்தது. நொதுமல் அறிக்கை என்றே வரலாற்று நூல்கள் அதனை வழங்குகின்றன. ஆனால், அவ்வறிக்கையில் நொதுமலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் யாண்டும் இல்லை. போர் செய்வார் இருதிறத்தாரிடத்தும் நட்பும் ஒப்புரவும் உடைய ஒழுக்கமே வேண்டும் என்னும் கருத்தே அதில் உள்ளது. அச்சொல் விலக்கப்பட்டமைக்கு ஜெபர்சனே காரணர். போர் தொடுக்கும் அதிகாரம் காங்கிரசு அவைக்கே உரியது. ஆகவே போர் இன்மையை நிலையாக அறிவித்தலும் தலைவர் ஒருவரால் இயலாது என்பது அவர் கொண்ட கருத்து. ஹாமில்ட்டனும் மாடிசனும் புனைபெயர்களில் எழுதிய கட்டுரைகளில் இவ்வழக்கே அவ்வாண்டு நடந்தது.

இக்கொள்கைக்கு முதற் சோதனை பிரெஞ்சுத் தூதர் ஜெனே என்பாரால் வந்தது. 1793 ஏப்ரல் 8 இல் சார்ல்ஸ்டன் துறையில் இறங்கிய அவர், ஆங்கில வணிகக் கப்பல்களைக் கவர்தற்கு அமெரிக்கத் துறைகளிலேயே கப்பல்களுக்குப் படைக்கலம் பூட்டினார். ஆகஸ்டுத் திங்களில் அவரைத் திரும்ப அழைக்குமாறு வாஷிங்டன் அரசு பாரிசு அரசைக் கேட்டது. இதன் விளைவாக 1794 ஜூன் திங்களில் ஒரு சட்டம் தோன்றியது. அமெரிக்க மண்ணிலிருந்து நட்பு நாட்டின்மேற் படையெடுப்பதும், பிறர் போருக்குக் கப்பல் அணியம் செய்வதும் குற்றம் என அது விதித்தது. சார்பு கொள்ளாமை என்பது அரசின் வாய்மொழியளவில் நில்லாது, தன் குடிகளைத் தானே தடுக்கும் கடமையாயிற்று. முதற் பொருளாகிய நொதுமலின் சிறப்பு இதில் உள்ளது.

3. 1796, 1801: இரண்டு உரைகள்

1796 செப்டம்பர் 19 இல் பிலடெல்பியா நகரச் செய்தித்தாள் ஒன்றில் வாஷிங்டனின் விடைபெறு உரை அச்சாயிற்று. 1792 இல் மாடிசன் எழுதித் தந்த வரைவும், 1796 இல் ஹாமில்ட்டன் திருத்தி விரித்த வரைவும் அதற்கு மூலங்கள். அதன் அயலுறவுப் பகுதி கூறுவது யாது? அயல் நாடு ஒன்றன்மேல் தீராக் காதலோ தீராப் பகையோ கொள்ளும் நாடு அதற்கு அடிமையாகும். வணிகத் தொடர்பு விரிக, அரசியல் தொடர்பு சுருங்குக. நிலையான கூட்டுகளை விலக்குக. அரிய இடர் நேர்ந்துழித் தற்காலக் கூட்டு அமையும் என்பன அதன் சாரம். இஃது இரண்டாம் பொருள். பிற நாட்டு உள்ளாட்சியில் நாம் புகலாகாது என்பதினும், அயலார் செல்வாக்கு நம் நாட்டுட் புகலாகாது என்னும் அச்சமே அவ்வுரையில் மிக்குத் தோன்றுகின்றது.

மற்றொன்றும் ஈண்டு நோக்கற்பாலது. நாடு வலிமை பெறும் காலம் நெடுந்தொலைவில் இல்லை. அப்போது நீதியின் வழிப்பட்ட நம் நலம் காட்டுமாறு போரையோ அமைதியையோ நாமே தேர்ந்துகொள்ளலாம் என்னும் கருத்து அவ்வுரையிலேயே உள்ளது. எனவே அக்கொள்கை என்றும் மாறாத அறமாக வகுக்கப்பட்டதன்று. வலி குறைந்த காலத்திற்கு ஏற்ற அரசியல் அறிவாக வகுக்கப்பட்டது எனக் கொள்ளுதலே பாடத்தோடு பொருந்துவதாம்.

சிக்கவைக்கும் கூட்டுகள் என்னும் கருத்துடைய புகழ்பெற்ற ஆங்கிலத் தொடரை வாஷிங்டன் கூறினார் எனப் பலரும் எழுதுவர். அத்தொடர் விடைபெறு உரையில் இல்லை. 1801 மார்ச்சு 4 இல் பதவியேற்ற ஜெபர்சனின் உரையிலேயே அது காணப்படும். 1778 ஆம் ஆண்டுக் கூட்டு 1800 செப்டம்பர் 30 ஆம் நாள் உடன்பாட்டால் முடிவுற்றது. அதன்பின் 1949 ஏப்ரல் 4 இல் வட அட்லாண்டிக் உடன்படிக்கை கையெழுத்தாகும்வரை, தன் நிலப்பகுதிக்கு அப்பாற்பட்ட நாட்டோடு அமைதிக்காலப் போர்க்கூட்டு எதனையும் அந்நாடு செய்துகொள்ளவில்லை. கூட்டு மறுத்தல் என்னும் இரண்டாம் பொருள் இவ்வாறு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நின்றது.

4. 1821–1823: கிரேக்கமும் தென்னமெரிக்காவும்

நெப்போலியன் வீழ்ந்தபின் ஐரோப்பாவின் பேரரசுகள் மக்கள் கிளர்ச்சிகளை அடக்குவதற்கு ஒன்றுபட்டன. கிளர்ச்சியால் மாறிய அரசுகளைப் பழைய நிலைக்குக் கொணரத் தமக்கு உரிமை உண்டு என 1820 நவம்பரில் டிரோப்பாவு நகரில் ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா மூன்றும் அறிவித்தன. 1821 இல் ஆஸ்திரியப் படை நேப்பிள்சிற் புகுந்தது. 1823 இல் பிரெஞ்சுப் படை ஸ்பெயினிற் புகுந்தது. அடுத்து, ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்ற தென்னமெரிக்கக் குடியரசுகளும் தாக்கப்படுமோ என்னும் ஐயம் எழுந்தது. அதே காலத்தில், 1821 முதல், கிரேக்கர் துருக்கியரை எதிர்த்துப் போராடினர். அவர்க்கு உதவ வேண்டும் என்னும் உணர்ச்சி அமெரிக்க மக்களிடையே பெருகியது.

இந்நிலையில் அயலுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1821 ஜூலை 4 இல் ஆற்றிய உரை மூன்றாம் பொருளைத் தெளிவாக வரையறுத்தது. எல்லார் விடுதலைக்கும் அமெரிக்கா நலம் விழையும். காவலாக நிற்பதோ தன் விடுதலைக்கே. அழிக்கத் தகும் அரக்கரைத் தேடி அது பிற நிலம் செல்லாது என்பது அவர் கருத்து. அதற்கு அவர் காட்டிய காரணம் ஆழமானது. நல்ல நோக்கத்தோடேனும் பிறர் போரிற் புகுந்தால், நாட்டின் அடிப்படை நெறி விடுதலையிலிருந்து வன்மைக்கு மாறிவிடும். உலகையே ஆளினும் தன்னை ஆளும் தன்மையை அது இழக்கும் என்றார். தலையிடுதலால் தலையிடுவோர்க்கே நேரும் கேட்டினை உரைத்தமையே அவ்வுரையின் தனிச் சிறப்பு.

1823 ஆகஸ்டில் ஆங்கில அமைச்சர் கன்னிங், இருநாடும் சேர்ந்து ஓர் அறிக்கை விடலாம் என்றார். முதியோராகிய ஜெபர்சனும் மாடிசனும் இசைக என அறிவுரை கூறினர். ஆடம்ஸ் மறுத்தார், ஆங்கிலப் போர்க்கப்பலின் பின் செல்லும் சிறு தோணியாதல் வேண்டா என்பது அவர் உவமை. தலைவர் மன்றோவின் முதல் வரைவு, ஸ்பெயினிற் புகுந்த பிரெஞ்சு அரசைக் கண்டிப்பதும் கிரேக்க விடுதலையை ஏற்பதுமாக இருந்தது. ஐரோப்பியர் நம் கண்டத்திற் புகலாகாது எனக் கூறுவோமாயின், ஐரோப்பாவில் நாமும் புகோம் எனக் கூறுதலே முறை என ஆடம்ஸ் வாதிட்டு அதனை மாற்றுவித்தார்.

1823 டிசம்பர் 2 இல் காங்கிரசுக்கு விடுத்த செய்தியில் இக்கருத்துகள் தொடக்கப் பகுதியிலும் இறுதிப் பகுதியிலும் பிரிந்து நிற்கின்றன. ஐரோப்பாவின் காரியங்களில் அமெரிக்கா கைவையாது. அமெரிக்கக் கண்டத்துக் குடியரசுகளின்மேல் ஐரோப்பா கைவைத்தலாகாது என இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகளாக நின்றன. மூன்றாம் பொருளும் நான்காம் பொருளும் முதன்முறையாக ஒரே ஆவணத்தில் இணைந்தது இங்குத்தான். ஆனால், அத்தென்னமெரிக்கக் குடியரசுகளின் உள்ளாட்சியில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தானும் கைவையாது என்னும் உறுதி அதில் இல்லை. அவ்விடைவெளியே பின்னைய வரலாற்றின் வித்தாயிற்று.

5. கோசூத்தின் வினா

1848 இல் ஆஸ்திரியாவை எதிர்த்தெழுந்த ஹங்கேரியரை 1849 இல் ரஷ்யப் படை வந்து அடக்கியது. ஹங்கேரித் தலைவர் லாயோஸ் கோசூத் 1851 டிசம்பரில் நியூயார்க்கு வந்தபோது மக்கள் திரண்டு வரவேற்றனர். அவர் கேட்டது படையுதவி மட்டும் அன்று. ஒரு நெறிமுறையின் நிறைவேற்றமே. உள்நாட்டுப் போரில் அயலார் புகலாகாது என்பது உலக நெறியாயின், அந்நெறியை மீறிய ரஷ்யாவைத் தடுப்பது தலையிடுதல் ஆகுமோ, அன்றித் தலையிடாமையைக் காத்தல் ஆகுமோ என்பதே அவர் வினாவின் கூர்மை. மன்றோ கூறிய நான்காம் பொருளை ஐரோப்பாவுக்கும் விரித்துக் கேட்டார் எனலாம்.

1852 ஜனவரியில் நோயுற்றிருந்த முதுபெரும் அரசியலார் ஹென்றி கிளே அவரைத் தம் அறையிற் கண்டு விடை கூறினார். ஐரோப்பாவின் வீழ்ந்த குடியரசுகளினூடே தன் விளக்கையும் அவித்துக்கொள்வதினும், மேலைக் கரையில் அதனை எரியவிடுதலே அமெரிக்கா பிற நாட்டார்க்குச் செய்யத்தகும் உதவி என்பது அவ்விடையின் கருத்து. விடுதலைக்காக ஓரிடத்தில் தலையிடலாம் எனின், அடிமை முறை நிலவிய தம் மாநிலங்களிலும் அவ்வினா எழுமே என்று தென் மாநிலத்தார் அஞ்சினர். ஆகவே அந்நாளைய மௌனத்திற்கு அறிவும் காரணம்; அச்சமும் காரணம்.

கோசூத்தின் வினாவை அறிவுலகில் எடுத்தாண்டவர் ஜான் ஸ்டுவர்ட் மில். 1859 டிசம்பரில் வெளிவந்த தம் கட்டுரையில், தலையிடாமையை நிலைநாட்டத் தலையிடுதல் அறமே எனத் துணிந்தார். ஆயின் அவரே, நாகரிகம் எய்தாதார் என ஐரோப்பியர் கருதிய நாட்டினர்க்கு இந்நெறி உரியதன்று என விலக்கினார். 1856 இல் அயோத்தி அரசை ஆங்கிலேயர் கைப்பற்றியதை நேர்மையானது என்றார். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலில் இருந்தவர். ஒரு நெறி யார்க்கு உரியது என வரையறுக்கும் அதிகாரம் வலியார் கையில் இருப்பின், நெறி எத்துணைச் சிறந்ததாயினும் மெலியார்க்குக் காப்பாகாது என்பதற்கு இந்திய வரலாறு தரும் சான்று இது.

எல்லாரும் விலகி நிற்பதாகக் கூறுதலும் எப்போதும் ஒப்புரவாகாது. 1936 இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டபோது இலண்டனில் தலையிடாமைக் குழு ஒன்று கூடியது. அதில் அமர்ந்திருந்த ஜெர்மனியும் இத்தாலியும் பிராங்கோவுக்குப் படையும் கலமும் அனுப்பின. அமெரிக்கக் காங்கிரசு 1937 ஜனவரியில் இருதரப்பார்க்கும் கலம் விற்றலைத் தடுத்தது. சட்டம் இருபாலும் ஒத்திருந்தது. விளைவோ முறைப்படி அமைந்த குடியரசையே பெரிதும் நலிவித்தது.

6. 1904: பொருளின் திரிபு

மன்றோ செய்தியின் ஒரு தட்டு நாளடைவிற் கனத்தது. 1846–1848 போரின் முடிவில் மெக்சிக்கோ தன் வடபுலத்துப் பெருநிலத்தை இழந்தது. 1855 இல் வில்லியம் வாக்கர் என்னும் தனியார் ஒருவர் சிறு படையோடு நிக்கராகுவாவிற் புகுந்து, 1856 இல் அதன் தலைவராகவும் தம்மை அமைத்துக்கொண்டார். 1794 ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கிய செயல் இது. எனினும் அவர் ஆதரவில் நின்ற அரசை வாஷிங்டன் அரசு 1856 இல் ஏற்றது.

1902 டிசம்பரில், கடன் தண்டுதற்பொருட்டு இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி மூன்றும் வெனிசுவேலாத் துறைகளைக் கப்பற்படையால் முற்றுகையிட்டன. அர்ஜென்டினாவின் அயலுறவு அமைச்சர் லூயிஸ் டிராகோ, அரசுக் கடனுக்காகப் படை கொண்டு வருதல் ஆகாது என டிசம்பர் 29 இல் வாஷிங்டனுக்கு எழுதினார். தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் 1904 டிசம்பர் 6 இல் கூறிய விடை வேறு திசையிற் சென்றது. ஐரோப்பியர் வந்து தலையிடாதிருத்தற்பொருட்டு, ஒழுங்கு தவறும் அண்டை நாடுகளில் அமெரிக்காவே காவலர் போலத் தலையிட நேரும் என்றார். பிறரைத் தடுத்தற்கு எழுந்த மொழி தான் புகுதற்கு வாயிலாயிற்று. அமெரிக்கப் படை நிக்கராகுவாவில் 1912 முதல் 1933 வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, இருந்தது. ஹைத்தியில் 1915 முதல் 1934 வரை. டொமினிக்கன் குடியரசில் 1916 முதல் 1924 வரை.

இவ்வாண்டுகளிலும் ஐரோப்பாவை நோக்கிய மொழி மாறவில்லை. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் வெர்சேல்சு உடன்படிக்கையை மேலவை மறுத்தபோது வாஷிங்டன் பெயரே மேற்கோளாயிற்று. வலியார் வாழும் கிழக்கே நோக்கி விலகலும், மெலியார் வாழும் தெற்கே நோக்கிப் புகுதலும் ஒரே மரபின் பெயரால் ஒரே காலத்தில் நடந்தன.

7. 1928–1936: மெலியார் எழுதிய விதி

திரிபினை முதலிற் சுட்டிக்காட்டியது அமெரிக்க அரசின் ஆவணம் ஒன்றே என்பது வியப்பூட்டும். துணை அமைச்சர் ரூபன் கிளார்க் 1928 இல் எழுதி 1930 இல் அச்சான ஆய்வுரை, மன்றோ செய்தியின் பாடத்தை ஆராய்ந்து, அஃது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்டதே எனக் காட்டியது. ரூஸ்வெல்ட் கூறிய உரிமைக்கு அப்பாடத்தில் இடமில்லை என்றது. அரசியல் ஆவணத்திற்கும் பாட ஆராய்ச்சி எவ்வளவு வேண்டப்படும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாம்.

எனினும் உரை திருந்தினமையால் மட்டும் ஒழுக்கம் திருந்தவில்லை. தென்னாட்டார் தாமே விதி வேண்டினர். 1928 இல் ஹவானா மாநாட்டில் அவர் எழுப்பிய கோரிக்கை நிறைவேறவில்லை. 1933 டிசம்பர் 26 இல் மாண்டிவிடியோ உடன்படிக்கையின் எட்டாம் விதி, எந்நாட்டுக்கும் பிறிதொரு நாட்டின் உள்நாட்டுக் காரியங்களிலேனும் வெளிநாட்டுக் காரியங்களிலேனும் தலையிட உரிமை இல்லை என்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகள் சில ஒதுக்கீடுகளோடு அதனை ஏற்றன. கியூபாவில் தலையிடும் உரிமை தந்த 1901 ஆம் ஆண்டுப் பிளாட் திருத்தம் 1934 இல் நீக்கப்பட்டது. 1936 இல் புவனோசு அயர்சு மாநாட்டில் தலையிடாமை விதியை அந்நாடு ஒதுக்கீடின்றி ஏற்றது. 1793 இல் தொடங்கிய மரபில் மூன்றாம் பொருள் தன்னையே கட்டும் சட்டமாகப் பதிந்தது அப்போதுதான். அதனை வரைவித்தவரோ வலியார் அல்லர், மெலியார்.

விதி பின்னர் மீறப்படாமலில்லை. 1954 இல் குவாத்தமாலாவின் ஆர்பென்சு அரசு அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டால் வீழ்த்தப்பட்டது; 1965 இல் டொமினிக்கன் குடியரசில் மீண்டும் படை இறங்கியது. ஆயினும் மீறலை மீறல் எனக் கூறுதற்கு ஓர் அளவுகோல் இருந்தது. 1986 ஜூன் 27 இல் அனைத்துலக நீதிமன்றம் நிக்கராகுவா வழக்கில் தலையிடாமையை நாடுகளின் வழக்காற்றுச் சட்டம் என ஏற்று, அமெரிக்க அரசு அதனை மீறியது எனத் தீர்ப்பளித்தது. 1954 ஏப்ரல் 29 இல் இந்தியாவும் சீனமும் செய்த உடன்பாட்டின் ஐந்து நெறிகளுள் ஒன்றும், ஒருவர் உள்நாட்டுக் காரியத்தில் மற்றவர் தலையிடாமையே. ஆண்டும் இச்சொல் இருபாலும் கட்டும் மூன்றாம் பொருளிலேயே வந்துள்ளமை காண்க.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. 1793 இன் நொதுமல் வலி குறைந்த நாட்டின் அறிவுடைமை. 1796 இன் கூட்டு மறுத்தல் அவ்வறிவின் நீட்சி. காலம் மாறின் மாறுதற்கு அதுவே இடம் வைத்தது. 1821 இல் ஆடம்ஸ் உரைத்த தற்கட்டுப்பாடு, வலிமை வந்தபின்னும் தன்னை அடக்கல் வேண்டும் என்னும் அறம். 1823 இன் தடை பிறரை அடக்குவது. தன்னை அடக்கும் விதி துணை நில்லாவிடத்து அது 1904 இல் ஆதிக்கமாயிற்று. அவ்விதியை நாடி மெலியார் நின்ற போராட்டம் 1933, 1936 ஆம் ஆண்டுகளிற் பயன் தந்தது.

கோசூத்தின் வினா இன்றும் முற்றத் தீர்ந்ததன்று. பிறன் ஒருவன் தாக்கப்படுங்கால் வாளாவிருத்தலும் ஒரு செயலே. அதன் பயனுக்கும் பொறுப்புண்டு என்பதனை ஸ்பெயின் காட்டியது. ஆனால், தலையிடத் துணிவோன் தன்மேல் அவ்விதியை முதலில் ஏற்றானா என்பது அதற்கு முற்பட்ட வினா. எனவே தலையிடாமை என்னும் சொல் அரசியல் ஆவணங்களில் வருமிடத்தெல்லாம், யார் கூறியது, யாரை நோக்கிக் கூறியது, கூறியோனையும் அது கட்டுமோ என்னும் மூன்றனையும் ஆராய்ந்த பின்னரே அதனை அறம் என்றோ தன்னலம் என்றோ துணிதல் வேண்டும்.